மூக்குப் பக்கம், வாய்ப் பக்கம்

என் அன்பு அண்ணி,

நீங்கள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த பாக்கெட் நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு. இடப்பக்கம் ‘மூக்கு’, வலப்பக்கம் ‘வாய்’. மூக்கு நீங்கள், வாய் நான்.

பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்துப் பாலை வாங்கி வீட்டிலேயே சீஸ் செய்யப்போகிறோம் என்றதும் தெருவே சிரித்தது. நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆனால் படைப்பதற்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்கிற உங்கள் பழக்கம் சீஸையும் விடவில்லை. முதல் துண்டு காமாட்சி படத்துக்கு. அதுவரை முகர்ந்து பார்ப்பதோடு சரி.

“வாயில வெச்சிடாத, எச்சி பண்ணாத!” என்று என் கையில் தட்டுவீர்கள். அப்புறமும் நீங்கள் தின்றதில்லை, என்னைத்தான் தின்னச் சொன்னீர்கள். சீஸை ருசிக்காமலே ருசிக்குறிப்பு எழுதியவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

அதிலும் என்ன எழுத்து! “மூக்கு: மந்தாரை இலையைப் பிரித்த கோயில் இட்லி. இன்னும் பத்து நாள் போகட்டும்.” பக்கத்தில் நான்: “வாய்: உப்பு தூக்கல். இன்னொரு துண்டு கேட்டேன், தரவில்லை.” வேறொரு பக்கத்தில், “மூக்கு: மழைத் தண்ணீர் புகுந்த தறிக்குழி. வேண்டாம்.” அதைக் கொட்டிவிட்டோம். உங்கள் மூக்கு என்றைக்காவது ஏமாந்திருக்கிறதா?

நீங்கள் கடைசியாகச் செய்து வைத்த சீஸ் ஒன்று, சீஸுக்கென்றே வைத்திருந்த பழைய ஃபிரிஜ்ஜிலேயே இருந்தது. ஏழு மாதமாக அதைத் துடைத்துத் திருப்பி வைத்தேனே தவிர, வெட்டத் தைரியம் வரவில்லை. பழுத்ததா, கெட்டதா என்று சொல்ல நீங்கள் இல்லையே. உங்கள் வீட்டுக்காரர், என் அண்ணன், ஃபிரிஜ்ஜை விற்றுவிடலாம் என்றார். சீஸ் வெட்டினாலே வாசனை பிடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறவர் அவர். இது கெட்டிருந்தால் இந்த வேலையே வேண்டாம் என்று நானும் முடிவு செய்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை வெட்டினேன். முகரலாம் என்று எடுத்தால் அழுகை வந்துவிட்டது. அழுததில் மூக்கு அடைத்துக்கொண்டது. வாசனை எங்கே தெரியும்?

வாசல் வரை போன அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

“குடு இங்க.” கண்ணை மூடி முகர்ந்தார். “நெய் வாசன வருது. கொஞ்சம் வைக்கோலு. கெட்டுப் போவலம்மா, நல்லா இருக்குது.”

“உனக்கு எப்படிண்ணா தெரியும்?”

“நான் வெளிய நின்னுக்கினு இருந்தா உங்க அண்ணி பின்னாலயே வருவா. புடவையெல்லாம் இந்த வாசனதான். நோட்ட எடுத்துப் படிச்சிக் காட்டுவா. மூஞ்சிய சுளிச்சிக்கினே கேட்டுக்கினு நிப்பேன்.”

இதை ஏன் அண்ணி நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை?

காமாட்சிக்கு ஒரு துண்டு வைத்துக் கற்பூரம் காட்டினேன். பிறகு தின்றேன். எழுதினேன்: “வாய்: அருமை. இன்னொரு துண்டு நானே எடுத்துக்கொண்டேன்.”

அண்ணன் பேனாவை வாங்கினார். உங்கள் பக்கத்தில் கோணல்மாணலாக எழுதினார்: “மூக்கு: நெய், வைக்கோல், அவள் புடவை.”

ஃபிரிஜ்ஜை விற்கவில்லை அண்ணி. திங்கட்கிழமை பால் சொல்லியிருக்கிறோம். நோட்டில் பாதிக்கு மேல் வெற்றுத்தாள் இருக்கிறது, இரண்டு பக்கமும் எழுதுவோம். படைக்காமல் வாயில் வைக்கமாட்டேன், சத்தியம்.

கையில் தட்ட நீங்கள் இல்லாவிட்டாலும் பொறுத்திருக்கும்,
உங்கள் நாத்தனார்