பாதித் தொட்டி

மார்ச் 3
பத்துத் தெருவுக்கு நான் கவுன்சிலர். பேருக்குத்தான். தெருவிளக்கில் பல்பு மாற்றவும் தலைநகருக்கு எழுத வேண்டும். காலையில் வால்வுக்காரர் வந்தார். தண்ணீர்த் தொட்டியின் தூணில் உள்ள விரிசலில் இப்போது விரல் நுழைகிறதாம். தொட்டிக்கு அடியிலேயே தம்பி வீடு, சுற்றிலும் கூலிக்காரர்கள். இடிக்கச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. எப்போதும்போல் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள் என்றேன்.

மார்ச் 9
விரிசலைப் பற்றி எழுதியதற்குத் தலைநகர் வாய் திறக்கவில்லை.

மார்ச் 14
திறந்துவிட்டது. விரிசலுக்காக அல்ல. பதினெட்டாம் தேதி தலைவர் தொட்டித் தெரு வழியாகப் போகிறாராம், தூணுக்கு வெள்ளையடிக்க வேண்டுமாம். பாதித் தொட்டியிலிருந்து மேட்டுத் தெரு மாடிகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று அங்கிருந்து யாரோ ஒரு போன் போட்டிருக்கிறார்கள். ஒரே போன்! இனி மோட்டாரைத் தலைநகரிலிருந்தே இயக்குவார்கள். நானும் பேசிப் பார்த்தேன். “உங்க வார்டுன்னு தனியா எதுவும் கிடையாதும்மா,” என்றார் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார்.

மார்ச் 17
நாளை முழுக்க நிரப்புகிறார்கள். தம்பியை மட்டும் கூப்பிட்டு, குடும்பத்தோடு என் வீட்டுக்கு வந்துவிடு, வெளியே மூச்சு விடாதே என்றேன். வதந்தி என்று என்னைப் பிடிப்பார்கள். அவன் பார்த்த பார்வை — மற்ற வீடுகளில் பிள்ளைகள் இல்லையா? என்ன பொம்பளை நான்?

மார்ச் 18
தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். பாயும் பாத்திரமுமாக எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதியாக இருந்தது. தொட்டி நிரம்பி வழிந்தது. விழவில்லை. ஆளில்லாத தெருவைப் பார்த்துக் கையசைத்தபடி தலைவர் போனார்.

மார்ச் 20
பத்துத் தெரு சேர்ந்து கொடுத்த பதவியைத் தலைநகரில் ஒரு கையெழுத்து எடுத்துக்கொண்டது. வதந்தி பரப்பினேனாம். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. ஒரு நாள் கூலி போச்சே என்று தெருவே திட்டுகிறது. எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள்.

மார்ச் 26
மோட்டார் தினமும் ஓடுகிறது. தினமும் விளிம்பு வரை. தம்பியிடம் கெஞ்சினேன். “இன்னொரு தடவை கூப்பிட்டா எவனும் வரமாட்டான்க்கா. அவங்களை விட்டுட்டு நான் மட்டும் எப்படி வர?”

மார்ச் 29
தம்பி வீட்டில் இருந்து எழுதுகிறேன். என் துணிமணி, படுக்கை எல்லாம் கொண்டு வந்துவிட்டேன். தம்பி மனைவி சுவரோரம் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். தலைக்கு மேலே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.