குதிரைப் பெட்டிக்கு என்ன நிறம்

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து யாரோ ஒருவருடைய முன்பல்லோடு மல்லுக்கட்டல். மூன்று முறை நிறம் கலந்தும் பல் மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்துப் பல்லைவிட ஒரு பொட்டு மஞ்சள் கூடுதலாம். அவர் சொன்னது சரிதான், அதுதான் எரிச்சல். இருபத்தாறு வருடமாகச் செயற்கைப் பல் செய்கிறேன். இந்தக் கண்தான் எனக்குச் சோறு போடுகிறது.

நேற்று மாதிரி ரயில் சங்கத்தில் வேலை பிரித்தார்கள். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை, நீள மேசை, அதில் சுற்றி ஓடும் கையகல ரயில்கள், சுற்றிலும் பதினான்கு ஆண்கள், நான். அடுத்த மாதம் இருபத்தேழாம் தேதி கண்காட்சி. இந்த முறை பழைய பந்தயக் குதிரை ரயில். பந்தயக் குதிரைகளை ஊர் ஊராக ஏற்றிப் போன பெட்டிகள், பன்னிரண்டு. ஒரு பக்கம் குதிரைக்கு இடம், மூலையில் குதிரைக்காரன் படுக்க ஓர் அறை. எல்லாம் செய்து, கரும்பச்சை அடித்துத் தயாராக நிற்கிறது. கண்காட்சி முடிந்ததும் அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளப் போகிறது. அந்தப் பச்சைக்கு ஆதாரம் காட்டி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். எவனும் கை தூக்கவில்லை. என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பச்சை என்று முதலில் சொன்னது என் அண்ணன். சங்கச் செயலாளர், பன்னிரண்டு வருடத்துக்கு முன் நிறக் கையேடு எழுதியவர். அதில் இருந்தால் அதற்குமேல் பேச்சே கிடையாது. "ஒரு பக்கம்தானே, சும்மா எழுதிக் குடு" என்றார். சும்மா எழுதுவதற்கு நான் எதற்கு?

மார்ச் 9, ஞாயிறு

அண்ணனுடைய ஆதாரத்தைத் தேடிப் பிடித்தேன். ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். ஒன்றே ஒன்று. அதில் பெட்டி கறுப்பாகத் தெரிகிறது. பயணிகள் பெட்டியெல்லாம் பச்சை, ஆகவே இதுவும் பச்சை. ஆராய்ச்சி முடிந்தது!

பழைய படங்களைப் பிரதி எடுத்துத் தரும் ஸ்டூடியோ அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, படத்தை மூக்குக்கு அருகே பிடித்துப் பார்த்தார். படத்தில் நிற்கும் ரயில் கார்டின் கையில் சுருட்டிய கொடி இருக்கிறது. சிவப்பாக இருந்திருக்க வேண்டிய கொடி, கரி போல விழுந்திருக்கிறது.

"அந்தக் காலத்துப் போட்டோத் தகட்டுக்குச் சிவப்பும் தெரியாது, மஞ்சளும் தெரியாதும்மா. எல்லாம் கறுப்பாத்தான் விழும்" என்றார்.

அப்படியென்றால் பெட்டி பச்சையாகவும் இருக்கலாம், சிவப்பாகவும் இருக்கலாம், மஞ்சளாகவும் இருக்கலாம். பன்னிரண்டு வருடம். பதினான்கு பேர். ஒருத்தருக்குக் கூடவா கேட்கத் தோன்றவில்லை?

மார்ச் 10

அண்ணனிடம் சொன்னேன். "நீ உன் பல்லு வேலையைப் பாரு" என்றார்.

மார்ச் 19, புதன்

லீவு போட்டுவிட்டு ரயில்வேயின் பழைய ஆவண அறைக்குப் போனேன். எலிப் புழுக்கை, பூஞ்சை, ஜன்னல் ஓரத்தில் செத்த புறா. அங்கே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டே பேசுகிறார். நான்கு மணி நேரம் தும்மினேன். ஐந்தாவது மணி நேரத்தில் கிடைத்தது.

வர்ணப் பட்டறைக்குச் சாமான் கொடுத்த பேரேடு. அழகான கையெழுத்து. "குதிரைப் பெட்டிகளுக்கு — மஞ்சள்." எத்தனை டப்பா, எந்தத் தேதி, எல்லாம் இருக்கிறது. பச்சை என்ற பேச்சே இல்லை. எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் போல இருந்தது. குமாஸ்தா பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

பார்த்ததற்குக் கையெழுத்துப் போட வேண்டும், பின்னட்டையில் ஒட்டிய சீட்டில். எனக்கு மேலே ஒரே ஒரு கையெழுத்து. ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி. கடைசி எழுத்தில் நீளமாக வால் இழுத்த கையெழுத்து. பள்ளிக்கூட நாளில் என் மதிப்பெண் அட்டையில் அப்பாவுக்குப் பதிலாகப் போட்ட அதே கையெழுத்து.

அண்ணனுக்குத் தெரியும். ஏழு வருடமாகத் தெரியும்.

மார்ச் 20

வேலையிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு என்ஜினுக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். பேரேட்டைப் பார்த்தீங்களா என்று கேட்டேன். மறைக்கவில்லை. அதற்காவது நன்றி சொல்லணும்.

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"அதுக்குள்ள எல்லாரும் பச்சை அடிச்சுட்டாங்க. கையேடு ரெண்டாவது தடவை அச்சுக்குப் போயிருச்சு. அப்போ போய் மாத்துங்கன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் தொடவில்லை. "இதை இப்படியே விட்டுடேன்" என்றார் அண்ணன், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே.

பக்கத்து பெஞ்சுக்காரியின் பென்சிலை எடுத்து ஒளித்து வைத்ததற்கு ஒன்பது வயதில் என்னை வாசலில் நிற்க வைத்த மனுஷன் இவர். கருமம். கூடப் பிறந்தவரென்று சொல்லவே கூசுகிறது.

மார்ச் 23, ஞாயிறு

கூட்டத்தில் பேரேட்டுப் பக்கத்தின் நகலை எல்லோருக்கும் கொடுத்தேன். மஞ்சள் என்று சொல்லி அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. பின்னட்டைச் சீட்டின் நகலையும் எடுத்துப்போயிருந்தேன். தேதியைப் படித்தேன். யாருடைய கையெழுத்து என்றும் சொன்னேன். தேவையா? அப்போது தேவை என்றுதான் பட்டது.

அண்ணன் மேசையிலிருந்து ஒரு குதிரைப் பெட்டியை எடுத்தார், அவரே முதன்முதலாகச் செய்தது. கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

கதவு சாத்தின சத்தம் அடங்கவில்லை, ஜால்ரா ஆரம்பித்துவிட்டார். (அவர் வங்கியில் வேலை செய்கிறார். அந்தப் பேர் நான் வைத்தது, இங்கே மட்டும்.) "எனக்கு அப்பவே சந்தேகம்தான்க்கா" என்றார். போன மாதம் அந்தப் பச்சையைப் பார்த்து, செயலாளர் சார் கண்ணுக்கு ஈடே இல்லை என்று உருகினவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். சீ.

மார்ச் 24

செயலாளர் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 2

சங்க அறை முழுக்கத் தின்னர் நாற்றம். பதினொரு பெட்டியும் மஞ்சளாகிவிட்டது. கண்ணைப் பறிக்கிற மஞ்சள். கையேட்டுக்கான திருத்தத் தாளும் அச்சாகி வந்துவிட்டது, இருநூறு பிரதி, கீழே என் பெயர்.

அண்ணி போன் பண்ணினார். அண்ணன் வேலை மேசையைப் பழைய போர்வையால் மூடிவிட்டாராம். அந்த அறைக்குள்ளேயே போவதில்லையாம்.

"நீ சொன்னது சரிதான்மா. சொன்ன விதம்தான்..." என்று இழுத்துவிட்டு வைத்துவிட்டார். இன்று பூராவும் எனக்கு யாரைப் பார்த்தாலும் கோபம். பொய் சொன்னது அவர், குற்றவாளி நானா?

ஏப்ரல் 12, சனி

நிஜக் குதிரைப் பெட்டி ஒன்று இன்னும் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். நகரத்துக்கு வெளியே, ஒரு கோழிப்பண்ணையில். சக்கரம் கிடையாது, உடம்பு மட்டும். உள்ளே முந்நூறு கோழி. கணுக்கால் வரை எச்சம். நாற்றத்தில் காலையில் குடித்த டீ தொண்டைக்கே வந்துவிட்டது. பண்ணைக்காரர் வெளியே நின்று சிரித்தார்.

கதவுக் கீலுக்கு மேலே ஓர் இரும்புத் தகடு. அதன் அடியில் பழைய வர்ணம் அப்படியே இருந்தது. பல் வேலைக் கத்தியால் நகக்கண் அளவு பெயர்த்துக்கொண்டேன். திருத்தத் தாளோடு கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று நினைப்பு.

என் பல் பட்டறைக்கு வந்து அதை மெழுகில் பதித்து, குறுக்கே வெட்டி, பூதக்கண்ணாடியில் வைத்தேன்.

அடியில் மரம். அதன்மேல் சாம்பல். அதன்மேல் மஞ்சள். அதன்மேல் பச்சை. பச்சையின் மேல் வார்னிஷ், வார்னிஷின் மேல் புகைக்கரி. திரும்பப் பச்சை, திரும்ப வார்னிஷ், திரும்பக் கரி.

மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே மட்டும் ஒன்றுமே இல்லை. வார்னிஷ் இல்லை. ஒரு தூசு இல்லை. அந்த மஞ்சள் ஒரு நாள் கூட வெயிலைப் பார்க்கவில்லை. பூசிக் காய்ந்ததுமே மேலே பச்சை ஏறியிருக்கிறது.

அடிப்பூச்சு. பேரேட்டில் இருந்தது அடிப்பூச்சு. மேலே அடிக்கிற பச்சை, பயணிகள் பெட்டிகளுக்குப் போன பொதுப் பச்சையிலிருந்தே போயிருக்கும். அதைத் தனியாக எதற்கு எழுதப் போகிறார்கள்?

தினமும் உலோகத்தை மறைக்கப் பல்லுக்கு அடியில் மஞ்சள் பூசுகிறவள் நான். பூசிவிட்டு அதன்மேல் பல்லின் நிறத்தை ஏற்றுகிறவள். வேறு எவனுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைச் செருப்பால் அடிக்கணும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சங்கத்துக்குப் போனேன். சொல்லவில்லை.

ஏப்ரல் 15

வர்ணத் துண்டைப் பல் டப்பா ஒன்றில் போட்டு, மற்ற டப்பாக்களோடு அலமாரியில் வைத்தேன். மேலே "கடைவாய், இடது" என்று எழுதி ஒட்டினேன். ஏன் ஒட்டினேன்? யார் வந்து தேடப்போகிறார்கள்?

ஏப்ரல் 18, வெள்ளி

அருங்காட்சியக அதிகாரிக்குத் திருத்தத் தாள் ரொம்பப் பிடித்துவிட்டதாம். ஜால்ரா சொன்னார். நன்றி என்றேன்.

யோசித்துப் பார்த்தால் — ஒரே ஒரு பெட்டியில் எடுத்த ஒரே ஒரு துண்டு. அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது? தாள் அச்சாகிவிட்டது. எல்லோரும் மஞ்சள் அடித்துவிட்டார்கள். இப்போது போய் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு

இது யார் பேசிய பேச்சு?

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மார்ச் இருபது. என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 21, திங்கள்

டப்பாவையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை, வழி மட்டும் விட்டார். அண்ணன் போர்வையை விலக்கி மேசையில் இடம் பண்ணிக் கொடுத்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்திருந்தேன். திட்டுவதென்றாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். கண்ணாடியிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்.

"இதை எப்போ பார்த்தே?"

"பன்னண்டாம் தேதி."

விரல் விட்டு எண்ணினார். "ஒன்பது நாள்" என்றார்.

நீங்கள் சொன்ன பச்சைதான் சரி, எல்லோரிடமும் சொல்கிறேன் என்றேன். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"எனக்கு அது சரின்னு தெரியாதே. தப்புன்னு நினைச்சுத்தானே மூடி வச்சேன்."

துண்டைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினேன். அண்ணி டீ கொண்டுவந்தார். இந்த முறை குடித்தேன்.

ஏப்ரல் 22

சங்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். துண்டைக் காட்டினேன். எந்தத் தேதியில் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான்க்கா" என்றார் ஜால்ரா. மனுஷன் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

கண்காட்சி. மறுபடி பச்சை அடிக்க நாள் போதவில்லை. மஞ்சளின் மேலேயே அடித்தால் பூச்சு தடித்துக் கதவு கம்பியெல்லாம் மூழ்கிவிடும், சுரண்டினால் கையோடு வந்துவிடும். பதினொரு பெட்டியும் மஞ்சளாகவே ஓடின. மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்த சனங்களுக்கு அந்த மஞ்சள் ரொம்பப் பிடித்திருந்தது. எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இருநூறு திருத்தத் தாளையும் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டேன். அந்த இடத்தில் கையால் எழுதின ஒரே ஒரு தாள், பக்கத்தில் வர்ணத் துண்டு. "மஞ்சள் என்று அச்சிட்டது தவறு. அது அடிப்பூச்சு. வெளி நிறம் பச்சை. தவறு என்னுடையது. தெரிந்த பிறகும் ஒன்பது நாள் சொல்லாமல் இருந்தேன்." கீழே என் கையெழுத்து.

பதினொரு மணிக்கு அண்ணன் வந்தார். ஜால்ரா ஓடிப்போய் நாற்காலி போட்டார். அண்ணன் உட்காரவில்லை. ரயிலை நிறுத்தச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவிழ்த்து, அந்தப் பச்சைப் பெட்டியைக் கடைசியில் மாட்டினார். ஒரு சுற்று ஓடவிட்டுப் பார்த்தார்.

பிறகு என் தாளைப் படித்தார். பேனா கேட்டார். கொடுத்தேன். என் கையெழுத்துக்குக் கீழே எழுதினார், "நான் ஏழு வருடம்." கடைசி எழுத்துக்கு நீளமாக வால் இழுத்துக் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.