உன் புரோகிராமுக்காக நான் போட்ட சண்டை

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைத்தான் அம்மா சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பல தேசத்துக்காரர்கள் சேர்ந்து இலவசமாக எழுதுகிற அந்தக் கணக்கு மென்பொருளுக்கு நீ முதன்முதலாக, சராசரி போடுகிற புரோகிராம் ஒன்றை அனுப்பினாயாம், சரிபார்க்கிறவர் அதில் வரிக்கு வரி குறை எழுதிவிட்டாராம், இனிமேல் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சாப்பிடாமல் கிடக்கிறாயாம். கேட்டதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று நீதானே சொன்னாய்? நம் கண்ணாடிக் கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, லென்ஸ் துடைக்கிற துணியைக் கீழே வைத்துவிட்டு, நானும் ஒரு அக்கவுண்ட் தொடங்கி, என் மகள் சின்ன வயதிலிருந்தே கணக்கில் புலி, அவளைக் குறை சொல்ல நீர் யார் என்று நறுக்கென்று கேட்டுவிட்டேன். தலையில் அடித்துக்கொள்ளாதே, மேலே படி. அந்த மனிதரும் தமிழர்தான், கோபப்படவே இல்லை. "எண்ணே கொடுக்காம சராசரி கேட்டா, உங்க மக புரோகிராம் பூஜ்யம்னு சொல்லுது. அது சரியா, நீங்களே சொல்லுங்க" என்று பதில் போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவர் இடது கண்ணைச் சோதிக்காமலே போய்விட்டால் பவர் எழுதுகிற சீட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவேனே தவிர, பூஜ்யம் போடுவேனா? பூஜ்யம் என்றால் கண் நன்றாக இருக்கிறது, பவரே வேண்டாம் என்றல்லவா அர்த்தம்! மற்றக் குறைகளையும் படித்தேன், பாதி புரியவில்லை, ஆனால் ஒன்றில்கூட உன்னைத் திட்டவில்லை. ஓரிடத்தில் "இது அழகா இருக்கு" என்றுகூட இருக்கிறது, அதை மட்டும் அம்மாவிடம் ஏன் மறைத்தாய்?

மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அதுவும் எல்லோர் முன்னாலும்தான். "பரவாயில்லைங்க, மெதுவா திருத்தி அனுப்பட்டும், இது எங்களுக்கு வேணும்" என்கிறார். உனக்கு ரோஷம் அதிகம், அது என்னிடமிருந்து வந்தது, அதனால் நான் திட்டவும் முடியாது. ஒவ்வொரு குறைக்கும் கீழே பதில் எழுது. சரியென்று பட்டால் திருத்து, இல்லையென்றால் ஏன் இல்லை என்று சண்டை போடு. சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டுப் போனால்தான் எனக்கு வருத்தமாக இருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூட எங்கள் இருவர் ஆசியும் உண்டு. அவர் ஏற்றுக்கொண்டதும் அம்மாவுக்கு மறக்காமல் போன் செய். எனக்குச் சொல்ல வேண்டாம், கடைக் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை நான் மூடவே இல்லை.

ஊரறிய உன் மானத்தை வாங்கிய,
அப்பா