தேநீருக்கு எழுந்துபோனவர்கள்

வேலூர்,
9 மார்ச் 1999.

பிரியமுள்ள தங்கை இவாஞ்சலினுக்கு,

அண்ணன் ரெனால்ட் எழுதுவது. தேவ கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அந்தத் தேசத்துக் குளிர் உன் மூட்டுவலியைக் கிளறிவிடக் கூடாதென்று உன் அண்ணி தினமும் ஜெபிக்கிறாள். உன் மகள் ஜெனிஃபா பிளஸ் டூ முதல் தாளைச் சுமாராக எழுதியதாகச் சொன்னாள். அவள் சுமார் என்றால் நன்றாகவே எழுதியிருப்பாள். மாப்பிள்ளை ஜார்ஜுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ இல்லாத வீட்டில் அது ஒன்றுதான் கட்டுக்குள் இருக்கிறது என்று அவள் கேலி செய்கிறாள்.

இக்கடிதத்தைத் தோல் வியாபாரி மக்பூல் அகமதுவிடம் கொடுத்தனுப்புகிறேன். தோல் கண்காட்சிக்காக அவர் நீ தங்கியிருக்கும் நகரத்துக்கே வருகிறார். வியாழக்கிழமை உன்னைச் சந்திப்பதாக வாக்களித்திருக்கிறார். உன் விடுதிக்கு வரும் ஃபேக்ஸ், உன்னை அழைத்துப்போன வங்கியின் அலுவலர்கள் கைமாறித்தான் உன்னிடம் வருகிறது. ஞாயிறன்று தொலைபேசியில் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் நீ "ஆமாண்ணா", "சரிண்ணா" என்று மட்டுமே சொன்னாய். பக்கத்தில் ஆள் இருந்தது எனக்குப் புரிந்தது. ஆகவேதான் இந்த ஏற்பாடு.

நகர்மன்றத் தலைவர் என்ற முறையில், வெளிநாட்டுக் குடிநீர் நிர்வாகத்தைப் பார்வையிடவே உன்னை அழைப்பதாக அவர்கள் எழுதியிருந்தார்கள். நீ விமானம் ஏறிய பிறகு நகராட்சிக்கு வந்த நிகழ்ச்சி நிரலில், கடைசி நாளான வெள்ளிக்கிழமைக்கு நேராக, நம் ஊர்க் குடிநீர் ஒப்பந்தம் கையெழுத்தாகும் என்று கண்டிருக்கிறது. ஆணையர் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டார். உன்னுடைய இடம் மட்டுமே காலி.

நகராட்சியின் வழக்கறிஞன் என்ற பொறுப்பில் ஒப்பந்தத்தை முழுவதும் படித்தேன். வங்கி கடன் தரும். அதைக் கொண்டு ஆற்காட்டுக்கு மேற்கே புதிதாகத் தோண்டும் கிணறுகளிலிருந்து நல்ல தண்ணீர் வரும். அது உண்மை. பாலாற்றுப் படுகையில் நாம் இறைப்பது வாயில் வைக்க முடியாத உப்பாகிவிட்டதும் உண்மை. ஆனால் தண்ணீரை நடத்தப்போவது அவர்கள் நாட்டுக் கம்பெனி. தெருக்குழாய்கள் அனைத்தும் மூடப்படும். கட்டணத்தைக் கம்பெனியே நிர்ணயிக்கும். குறைக்க மன்றத்துக்கு அதிகாரமில்லை. தாவா எழுந்தால் விசாரணை அவர்கள் தலைநகரில். காலம் முப்பது ஆண்டுகள். அதாவது உனக்குப் பின் மக்கள் தேர்ந்தெடுக்கப்போகும் மன்றங்களையும் உன் பேனா கட்டிவைக்கும்.

நேற்று துணைத்தலைவர் ரஷீத் அஹமது அவசரக் கூட்டம் கூட்டினார். தீர்மானத்தின் வாசகம்கூட நம் அலுவலகத்தில் எழுதியதல்ல. சென்னை வழியாக வந்தது. வங்கியின் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் பார்வையாளர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். நானும் இருந்தேன்.

நம் மன்றத்தின் வழக்கத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே தொழிற்சாலைகளில் பிழைப்பவர்கள் முகத்துக்கு நேரே எதிர்ப்புச் சொல்வதில்லை. பிடிக்காத பொருள் வந்தால் எழுந்து காசி கடைக்குத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்ததும் நீ பேனாவை மூடிவைத்து, "சரி, நாமளும் டீ குடிச்சிட்டு வரலாம்" என்று எழுந்துவிடுவாய். பொருள் அடுத்த கூட்டத்துக்குப் போகும். பேருந்து நிலையக் கடைகள் விவகாரத்தை நீ அப்படித்தான் அடக்கினாய்; யாருக்கும் மனக்கசப்பில்லை.

நேற்றும் எழுந்துபோனார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் போனார்கள். ஆனால் உன் நாற்காலியில் நீ இல்லை. ரஷீத் வாசலைப் பார்த்தார், வெள்ளைக்காரரைப் பார்த்தார், பிறகு தீர்மானத்தை வாசிக்கச் சொன்னார். இருந்தவர்கள் தலையசைத்தார்கள். ஏகமனதாக நிறைவேறியது என்று பதிவாயிற்று. அந்த அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார்.

முதலில் திரும்பி வந்தவள் கவுன்சிலர் செண்பகம். தொழிற்சாலை உடுப்பை மாற்றாமலே கூட்டத்துக்கு வந்திருந்தாள். "இன்னா சார் இது? டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஊரையே எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்று என்னிடம் கேட்டாள். கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, அதாவது கோரம், இருந்தது, ஆகவே தீர்மானம் செல்லும் என்றேன். "அப்போ நாங்க வெளிய போனதுக்கு அர்த்தமே இல்லியா? அக்கா இருந்தா இப்டி நடக்குமா?" என்றாள். வெளியே போனவர்களின் கருத்தைப் பதிவு செய்யச் சட்டத்தில் வழியில்லை.

ரஷீத் மேல் கோபப்படாதே. அவர் பட்டறையில் தைக்கும் ஷூ மேல்பாகங்கள் அத்தனையும் அதே தேசத்துக்குத்தான் போகின்றன. வாங்குகிறவர் சனிக்கிழமை போன் செய்து, ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், உங்கள் ஊர்த் தண்ணீர்த் திட்டம் எப்படிப் போகிறது என்று மட்டும் விசாரித்தாராம். "அதுக்கு மேல அவர் இன்னா சொல்லணும் வக்கீல் சாப்? எங்கிட்ட நூறு பொம்பளைங்க தைக்கிறாங்க" என்று வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்று காலை சென்னையிலிருந்து ஓர் உயர் அதிகாரி பேசினார். உன் கையெழுத்து விழவில்லையென்றால் மன்றமே இருக்காது என்றார். எந்தச் சட்டப் பிரிவின்கீழ் கலைப்பீர்கள் என்று கேட்டேன். "பிரிவு அப்புறம் கண்டுபிடிப்பாங்க சார். என்னைத் திட்டாதீங்க. உங்க ஊர் மாதிரி எல்லா ஊரும் கையெழுத்து போட்டாத்தான் மாநிலத்துக்கே அடுத்த கடன் தவணை வரும்னு டெல்லியில சொல்றாங்க. டெல்லிக்கு யார் சொல்றாங்கன்னு உங்களுக்கே தெரியும்" என்றார். பாவம், அவர் குரலிலும் ரஷீதின் பயமே இருந்தது. நம்மை ஆள்கிறவர்களில் ஒருவர்கூட இதைத் தாமே விரும்பிச் செய்வதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நடந்துகொண்டே இருக்கிறது.

நீ கையெழுத்திட்டால் செண்பகத்தின் தெருவில் குழாய் இருக்காது. இடாவிட்டால் இந்தக் கோடையில் உப்புத் தண்ணீரும் லாரியும்தான். மன்றமும் போகும், ரஷீதின் பட்டறையும் போகலாம். இரண்டையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். தீர்மானம் செல்லும் என்று நேற்று சொன்ன அதே வழக்கறிஞன், கையெழுத்திடாதே என்று இன்று எழுத்தில் ஆலோசனை தர இயலாது. ஆகவே சட்ட சம்பந்தமாக எழுத என்னிடம் வேறொன்றுமில்லை.

அண்ணனாக ஒன்று மட்டும். ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். உன் கூட வந்தவர்களுக்கும் கொடு. அங்கே பெரிய கூட்டங்களில் மேசைக்கே தேநீர் கொண்டுவந்து வைப்பார்கள், யாரும் இடத்தைவிட்டு எழ வேண்டியதில்லை என்று மக்பூல் சொல்கிறார். அவர்கள் முறை அது. ஆனால் குளிர் நாட்டில் அடைத்த அறைக்குள் நெடுநேரம் உட்கார்ந்திருப்பது உன் மூட்டுக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை அவர்கள் உன் முன்னால் காகிதத்தை வைக்கும் வேளையில், பேனாவை மூடிவைத்துவிட்டு வெளியே போய் ஒரு தேநீர் குடித்துவரலாம் என்று உனக்குத் தோன்றினால், நீ எழுந்துபோனதன் அர்த்தம் அங்கே ஒருவருக்கும் விளங்காமல் போகலாம். இங்கே விளங்கும்.

நீ போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னைக் காப்பாராக. எப்படி வந்தாலும், விமான நிலையத்தில் நான் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
ரெனால்ட்