முப்பத்தொன்றாம் எண் விழவே இல்லை

9 ஜூன் 2025, திங்கள்

மழை. செம்பூர் பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை. வலது தோள் முழுக்க ஈரம். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் பேடா. டாக்டர் வேங்கடசுப்ரமணியனின் கட்டுரை மருத்துவப் பத்திரிகையில் வந்துவிட்டது. சர்க்கரையோடு தைராய்டு குறைவும் உள்ளவர்களுக்கு ஒரு புது மாத்திரை கொடுத்து, இரண்டு வருஷத்துக்கு முன் நடத்திய ஆய்வு. நோயாளிகளின் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நன்றி - 'பதிவு உதவி: பாகீரதி பஞ்சாபகேசன்'.

வீட்டில் இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தார். "அச்சுல உன் பேர் வந்திருக்குடி!" என்று ஷோகேஸில் வைத்துவிட்டார். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பெயர் அச்சேறியது இப்போதுதான்.

11 ஜூன்

இன்று முழுக்கப் படித்தேன். படித்திருக்கவே வேண்டாம். சுருக்கத்தில் அறுபத்துநாலு பேர். அட்டவணையில் ஐம்பத்தெட்டு. படத்தில் அறுபத்தொன்று. சரிபார்க்கிறவர்கள் என்று பத்திரிகையில் யாராவது இருக்கிறார்களா, இல்லை அவர்களும் பேடா சாப்பிடப் போய்விட்டார்களா?

'சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர்கள்: யாருமில்லை. விரதம் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பானது.'

யாருமில்லையா? அப்படியானால் முருகம்மாள்?

12 ஜூன்

முருகம்மாள் தாராவியில் முறுக்குச் சுட்டு விற்பவள். ஆய்வில் அவள் எண் முப்பத்தொன்று. மூன்றாவது ரத்தப் பரிசோதனையை டாக்டர் ஆடி மாசத்தில் வைத்தார். ஆடியில் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் திருநெல்வேலிக்காரர்கள் ஊருக்கு ரயிலேறிவிடுவார்கள் என்பது தாராவியில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஏழு பேர் வரவில்லை. இவளும் ஒருத்தி.

திரும்பி வந்ததும் என்னிடம்தான் சொன்னாள். "பூசை முடியாம பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாதுலாக்கா. மாத்திரைய மட்டும் முழுங்கிட்டு நின்னேன். கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. பொங்கப் பானை மேலயே விழுந்துட்டேன்." முழங்கை வெந்து தோல் உரிந்திருந்தது. அதைப் படிவத்தில் எழுதி டாக்டர் மேஜையில் வைத்தேன். நகல் என்னிடம் இருக்கிறது.

இன்று அவரிடம் கேட்டேன். "அது விரதத்தால வந்தது மாமி, மாத்திரையால இல்லை" என்று சிரித்தார். அப்படியென்றால் விரதத்துக்கும் பயமில்லை என்று எதற்கு எழுதினீர்கள்? நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிற நாக்கு.

20 ஜூன்

தலையில் இடி. இவர் பெருமை தாங்காமல் கட்டுரையை நகலெடுத்துக்கொண்டு போய் மாட்டுங்காவில் எங்கள் குடும்ப டாக்டரிடம் காட்டியிருக்கிறார். இவருக்குச் சர்க்கரை பதினோரு வருஷமாக, தைராய்டு நாலு வருஷமாக. டாக்டர் படித்துவிட்டு அதே மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார்!

"விரதத்துக்கும் பயமில்லைன்னு போட்டிருக்காளே. இந்தத் தடவை ஆஷாட ஏகாதசிக்கு நிர்ஜலமாவே, சொட்டுத் தண்ணி இல்லாம இருக்கப்போறேன்" என்கிறார். ஏகாதசி ஜூலை ஆறு.

21 ஜூன்

சொல்லவில்லை.

29 ஜூன்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அந்த ஏழு பேர் வராதபோது டாக்டர் சொன்னார்: "போன தடவை வந்த சர்க்கரை அளவையே கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் போட்டுடுங்கோ மாமி." போட்டேன். முருகம்மாளுக்கு நூற்றிருபத்தாறு. அவள் ஊர்க் கோயிலில் சுருண்டு கிடந்த அன்று, செம்பூரில் அவளுக்கு ரத்தம் எடுத்ததாக ஏற்றியிருக்கிறேன்.

டாக்டரைத் திட்டிப் பத்துப் பக்கம் எழுதலாம். ஆனா கை யாரோடது? என் கைதானே? முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? வெக்கமா இருக்கு.

5 ஜூலை

சொல்லிவிட்டேன். நாளை ஏகாதசி - இதற்கு மேல் எப்படித் தள்ளுவது? எல்லாவற்றையும் சொன்னேன், நூற்றிருபத்தாறையும்.

டம்ளரைக் கீழே வைத்தார். "டாக்டர் எழுதினதுக்காக நான் நம்பலை. உன் பேர் இருந்தது, நம்பினேன்."

அவ்வளவுதான்.

8 ஜூலை

ஏகாதசியன்று காலையிலேயே இட்லி சாப்பிட்டார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு ஏகாதசியை நான் பார்த்ததில்லை. நேற்று மாட்டுங்கா டாக்டரிடம் போய்ப் பழைய மாத்திரைக்கே மாற்றிக்கொண்டு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

நான் தாராவிக்குப் போனேன். பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்றதும் முருகம்மாள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எழுதுங்கக்கா. விழுந்தது நாந்தான்னு எழுதுங்க."

எழுதி அனுப்பிவிட்டேன், அவள் படிவத்தின் நகலோடு. நான் செய்ததையும் மறைக்கவில்லை.

1 ஆகஸ்ட்

நாளையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம் என்றார்கள். பேடா கிடையாது.

9 செப்டம்பர்

திருத்தம் வந்துவிட்டது. மூன்றே வரி. எல்லா இடத்திலும் இப்போது ஐம்பத்தெட்டு. 'முன்பிருந்த வேறுபாடு பதிவு உதவியாளரின் கைப்பிழை. முடிவுகளில் மாற்றமில்லை.' மயங்கியவர்கள் இன்னமும் யாருமில்லை. என் பெயர் போடவில்லை. எதற்குப் போட வேண்டும்? நன்றி வரியில் பத்திரமாக இருக்கிறதே.

முருகம்மாள் போன் பண்ணிக் கேட்டாள், "நம்ம விசயம் வந்துட்டாக்கா?" வரவில்லை என்றேன். "சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் இவர் திருத்தத்தைப் படித்துவிட்டு, "அந்த அம்மாவோட படிவம் எங்கே?" என்று கேட்டார். நகலை எடுத்துக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தார். "உன் கையெழுத்துதானே?" என்றார். ஆமாம் என்றேன்.

கட்டுரையை எடுத்துப் பழைய பேப்பர் கட்டில் போட்டார். ஷோகேஸில் இப்போது அந்தப் படிவம் இருக்கிறது.