பின்சில்லுகள் துள்ளியதன் காரணம்

வெள்ளவத்தை,
17.10.2025, வெள்ளிக்கிழமை.

அன்புத் தங்கை சாமினி அறிவதற்கு,

அண்ணா எழுதுகிறேன். அம்மாவின் இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அண்ணியின் பாடசாலையில் தவணைப் பரீட்சை முடிந்து, விடைத்தாள்கள் சாப்பாட்டு மேசை முழுவதும் பரந்து கிடக்கின்றன. மழை தொடங்கிவிட்டது. இவை எல்லாம் உனக்குத் தொலைபேசியிலேயே தெரிந்தவை. நான் சொல்லவேண்டியதைத் தொலைபேசியில் தொடங்கினால் இரண்டாவது வசனத்திலேயே நீ "பரவாயில்லை அண்ணா" என்றுவிடுவாய். அதற்குமேல் என்னால் கதைக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன். விரைவுத் தபாலில் அனுப்பினால் மாத முடிவிற்குள் மெல்பேர்ணில் உன் கையில் கிடைக்கும் என்று தபால் நிலையத்தில் உறுதி சொன்னார்கள்.

சென்ற மாதம் உன் மகள் யதுஷா எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அதற்காக நீ அவளைக் கோபிக்கக் கூடாது. மச்சானின் பார்வை இனி வாகனம் ஓட்டப் போதாது என்று வைத்தியர்கள் எழுதிக் கொடுத்துவிட்டதையும், தான் தை மாதம் படிப்பிற்காக வேறு நகரத்திற்குப் போனபின் வீட்டில் கார் சும்மா நிற்கப்போவதையும், பஸ் தரிப்பிடத்திற்கு நீங்கள் இருவரும் இருபத்தைந்து நிமிடம் நடக்கவேண்டியிருப்பதையும் எழுதியிருந்தாள். நவம்பர் 11ஆம் திகதி உனக்குச் சாரதிப் பரீட்சைக்கு அவளே நாள் எடுத்துத் தந்தாளாம். நீயோ பழகுவதற்குக்கூட அந்த ஆசனத்தில் ஏற மறுக்கிறாயாம். ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்ன பதிலை அவள் அப்படியே தந்திருந்தாள்: "என்ர கால் கிளட்ச்சுக்குச் சரிவராது. அண்ணா அப்பவே எழுதித் தந்தவர்." அதன் கீழே, "மாமா, எங்கட கார் ஓட்டோமெற்றிக். கிளட்ச்சே இல்லை. இதை அம்மாவுக்கு ஆர் சொல்லுறது?" என்றும் சேர்த்திருந்தாள். என்னைச் சிரிக்கவைக்கத்தான் எழுதியிருப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுதித் தந்தவன் நான்தான். 2003 கார்த்திகையில், நீ ஓட்ட அப்பா பக்கத்தில் இருக்க, எங்கள் மொறிஸ் மைனர் ஒழுங்கை ஏற்றத்தில் துள்ளிப் பக்கவாட்டில் இழுபட்டுப் படலைத் தூணில் மோதியபோது, நான் காப்புறுதி இழப்பு மதிப்பீட்டாளனாகி இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. சொந்தக் காரை நானே மதிப்பிடுவது விதிக்கு முரண் என்பதால் நிறுவனத்திற்கு எதுவும் எழுதவில்லை. ஆனால் வீட்டிற்கென்று, அப்பாவின் தட்டச்சு இயந்திரத்தில், ஒரு பக்க அறிக்கை அடித்தேன். நனைந்த வீதி, ஏற்றம், சுமை, டயர்களின் தேய்வு என நான்கு காரணிகளை ஆராய்ந்து ஒதுக்கிவிட்டு, ஐந்தாவதாக, "சாரதி கிளட்ச்சைச் சடுதியாக விட்டமையே காரணம்" என்று முடித்தேன். அந்த மோதலில் உடைந்த முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை முடிந்து அப்பா வீடு வந்த நாள் அது. அவர் வாசித்துவிட்டு, "பிள்ளை நல்லாத்தான் ஓட்டினவள்" என்று மட்டும் சொல்லித் தாளை என்னிடமே நீட்டினார். பயணியின் அபிப்பிராயம் ஆதாரமாகாது என்று அவருக்கு விளக்கினேன். நீ வாசித்ததற்கு அடையாளமாகக் கீழே கையொப்பமிடச் சொன்னேன். நீயும் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையொப்பமிட்டாய். அதன்பின் நீ அந்தக் காரின் திறப்பைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை. மறு ஆண்டு கலியாணமாகிப் போய்விட்டாய்.

யதுஷாவின் செய்தியைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்த நல்லூர்ப் பயணம்தான் திரும்பத் திரும்ப நினைவில் வருகிறது. போரால் மூடிக்கிடந்த ஏ-9 வீதி திறந்துவிட்டது, திருவிழாவிற்கு எங்கள் காரிலேயே போகவேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றார் அல்லவா? பழைய இஞ்சின் குருநாகல் வரை போவதற்குள்ளேயே கொதித்துவிடும் நிலை. அதனால் தெமட்டகொடை நானாவின் கராஜில் டட்சன் இஞ்சின் ஒன்றைப் பொருத்தினோம். மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் படிவங்கள் அத்தனையையும் நானே நிரப்பினேன். வவுனியாவிற்கு அப்பால் நீதான் ஓட்டினாய். தார் பெயர்ந்த வீதியில் குழிகளுக்கு நடுவே, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளுக்கு நடுவே, ஒரு தடவையேனும் இஞ்சினை நிற்கவிடாமல் ஓட்டினாய். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். உன் கை ஸ்டியரிங்கில் இருந்ததால் அப்பா கச்சானை உடைத்து உடைத்து உன் வாயில் போட்டுக்கொண்டு வந்தார். ஓட்டும்போது சாரதி சாப்பிடுவது முறையல்ல என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பின்சீற்றில இருக்கிறவைக்கும் ஒரு விதி இருக்கு அண்ணா. வாயை மூடிக்கொண்டு வரோணும்" என்றாய். அப்பா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த கோது முழுவதும் கியர்ப் பெட்டியைச் சுற்றிக் கொட்டுண்டது. கொழும்பு திரும்பிய பிறகும் பல மாதங்களுக்கு நான் அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஓட்டிய ஒருத்திக்கு எங்கள் ஒழுங்கை ஏற்றத்தில் மட்டும் கால் எப்படித் தவறும் என்று நான் அன்று கேட்டிருக்க வேண்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இத்தனை ஆண்டுகளும் கார் கிருலப்பனையில் வாடகைக் கொட்டகையில் நின்றது. ஞாயிறுதோறும் போய் இஞ்சினை ஓடவிட்டு, அங்குள்ள சமதரை வீதிகளில் தனியாக ஒரு சுற்றுச் சுற்றுவேன். கொட்டகைக்காரர் மாடி கட்டப்போகிறார் என்பதால் சென்ற மாதம் காரை இங்கே கொண்டுவந்தேன். 28ஆம் திகதி காலை, கொட்டாஞ்சேனைக் கோவில் அன்னதானத்திற்கென்று இரண்டு மூடை அரிசியையும் தேங்காய்களையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். தூறல். கடல் பக்கமிருந்து காலி வீதிக்கு ஏறும் அதே ஏற்றம். எவரும் குறை சொல்ல முடியாத அளவு மெதுவாகத்தான் கிளட்ச்சை விட்டேன். பின்பக்கம் டக டக டகவென்று துள்ளியது. கார் குறுக்கே இழுபட்டு மதிலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது.

அம்மா பின்னாலிருந்து ஒரு தேங்காயை மடியில் பிடித்தபடி கேட்டார்: "என்ன தம்பி, உனக்கும் கிளட்ச் விடத் தெரியாதோ?"

அவர் என்னைக் குத்திக்காட்டக் கேட்டாரா, பயத்தில் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாளே தெமட்டகொடைக்குக் கொண்டுபோனேன். நானா காலமாகி மூன்று ஆண்டுகள். கராஜை இப்போது நடத்துபவர் அவருடைய மகள் நிம்றா. இயந்திரப் பொறியியல் படித்தவர். காரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்ததுமே, "அங்கிள், இது டிரைவர்ட பிழையில்ல, ஸ்பிரிங்தான் முறுகுது" என்றார். மேசையிலிருந்த பிளாஸ்டிக் அடிமட்டத்தை எடுத்து இரு முனைகளையும் என்னைப் பிடிக்கச் சொன்னார். நடுவில் தன் விரல்களால் கவ்வித் திருகினார். அடிமட்டம் பாம்புபோல் வளைந்தது. விட்டதும் படீரென்று திரும்பியது. பின்னச்சைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங், அதாவது உருக்குத் தகடுகளை அடுக்கிக் கட்டிய வில், பழைய சிறிய இஞ்சினின் வலுவிற்குச் செய்யப்பட்டது. புதிய இஞ்சினின் வலு ஏற்றத்தில் அச்சைத் திருகும்போது வில்லும் முறுகித் திரும்புகிறது, சில்லுகள் துள்ளுகின்றன. அச்சிலிருந்து முன்னோக்கிக் காரின் அடிச்சட்டத்திற்கு இரண்டு இரும்புத் தண்டுகள் பூட்டினால் இந்த முறுகல் நின்றுவிடும். டிரக்சன் பார் என்பது அவற்றின் பெயர்.

பிறகு நிம்றா சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். இஞ்சின் மாற்ற வந்த எல்லாருக்கும் வாப்பா இந்தப் பார் போட்டே அனுப்பினாராம், ஒருவரைத் தவிர. "ஒரு தமிழ் சேர் கார்ட பெரிய புத்தகமொண்ட விரிச்சி வெச்சி, 'நானா, இது எந்தப் பக்கத்துல ஈக்கி, காட்டுங்க'ண்டு கேட்டாராம். வாப்பா, 'சேர், புத்தகம் எழுதின வெள்ளக்காரன் இந்த இஞ்சினப் போடச் செல்லல்லியே'ண்டாராம். அப்பவும் அந்த மனிசன் கேக்கல்லயாம்."

அந்த மனிதன் நான் என்று நிம்றாவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த அடிமட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ அங்கிள், ஸொறி" என்றார். மன்னிப்புக் கேட்கவேண்டியவர் அவரல்ல.

இந்த இடத்தில் கடிதத்தை நிறுத்திவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். இவ்வளவையும் வாசித்தால், அண்ணா அறியாமல் செய்த பிழை என்றே நீ எண்ணுவாய். அது உண்மையல்ல. அறிக்கை அடித்த அன்று, பார் இல்லாவிட்டால் ஏற்றத்தில் துள்ளும் என்ற நானாவின் வார்த்தைகள் எனக்குத் தெளிவாக நினைவிலிருந்தன. ஐந்தாவதை முடித்து, ஆறு என்ற இலக்கத்தையும் தட்டினேன். இஞ்சின் மாற்றம் என்று எழுதினால், பார் வேண்டாம் என்றது யார் என்ற கேள்வி வரும். தாளை உருவி எடுத்துவிட்டுப் புதிய தாள் போட்டேன். உனக்குத் தந்தது அந்த இரண்டாவது தாள். இதை அப்பாவுக்கு நான் ஒருபோதும் சொல்லவில்லை. 2011இல் போகும்வரை அவர் ஒரு பொல்லை ஊன்றித்தான் நடந்தார். நீ ஒவ்வொரு தடவை வந்து நின்றபோதும் அந்தப் பொல்லைப் பார்க்காமல் அவரோடு கதைத்ததை நான் கவனித்திருக்கிறேன். கவனித்தும் பேசாமல் இருந்தேன்.

19.10.2025, ஞாயிற்றுக்கிழமை, மாலை.

மேலே உள்ளது வெள்ளிக்கிழமை எழுதியது. நேற்று முழு நாளும் தெமட்டகொடையில் கழிந்தது. காரை உயர்த்திப் பின்சில்லுகளைக் கழற்றி, அச்சை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் பழைய யூ-போல்ட்டுகளை அறுத்தெடுத்தார்கள். புதிய போல்ட்டுகளோடு பாரின் பின்முனையை அச்சின் கீழே கட்டி, முன்முனையை அதிர்வைத் தாங்கும் றப்பர் புஷ் வைத்து அடிச்சட்டத்தில் பூட்டினார்கள். எல்லாவற்றையும் உடனே இறுக்கிவிடலாமே என்றேன். நிம்றா விடவில்லை. காரின் முழு நிறையும் சில்லுகளில் இறங்கிய பின்புதான் கடைசி இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால் பாரும் ஸ்பிரிங்கும் ஆயுள் முழுவதும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் என்றார். "புத்தகத்தில இல்ல அங்கிள், நம்பித்தான் ஆகணும்" என்று ஒரு குத்தும் குத்தினார். நம்பினேன். இரண்டு பார்களும் கறுப்பு வர்ணத்தில், ஒரு முழத்திற்குச் சற்றுக் கூடிய நீளம். குனிந்து பார்த்தாலன்றித் தெரியாது.

இரவு சாப்பாட்டின்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டாவது தாள் உட்பட. அண்ணி விடைத்தாளிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. அம்மா சோற்றைப் பிசைந்தபடியே, "இதை ஏன் எனக்குச் சொல்லுறாய்? அவளுக்குச் சொல்லு" என்றார்.

இன்று காலை மழை நன்றாகப் பெய்து ஓய்ந்திருந்தது. அன்றைய அளவு சுமை வேண்டும் என்பதற்காக அரிசி மூடைகளை மீண்டும் வாங்கி ஏற்றினேன். நான் கூப்பிடாமலே அம்மா வந்து முன்னால் ஏறிக்கொண்டார். ஒழுங்கையின் பாதியில், ஏற்றத்தில் காரை நிறுத்தினேன். பிறகு, நான் உன்மேல் எழுதிவைத்த குற்றத்தை வேண்டுமென்றே செய்தேன்: கிளட்ச்சிலிருந்து காலைச் சடுதியாக எடுத்தேன். ஒரு தடவையல்ல, நான்கு தடவை. கார் ஒரு உலுப்பு உலுப்பிவிட்டு நேராக ஏறிப் போனது. பின்பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை.

காலி வீதியில் ஓரமாக நிறுத்தினேன். அம்மா முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, "இவ்வளவுதானோ தம்பி?" என்றார். பிறகு, "இதுக்கோ பிள்ளை இருபத்திரண்டு வருசமா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். இப்போது வீட்டில் நாளைய தீபாவளிக்கு உழுந்து ஊறப்போட்டுக்கொண்டிருக்கிறார்.

சாமினி, உன் காலில் அன்றும் பிழை இருக்கவில்லை, இன்றும் இல்லை. அப்பாவின் முழங்காலுக்குக் காரணம் நான். கோவிலில் சொல்லச் சொன்னாலும் யதுஷாவின் முன்னால் சொல்லச் சொன்னாலும் இதையே சொல்வேன். மச்சானுக்கும் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு.

என்மேல் உனக்குக் கோபம் வரும். வந்த கோபம் எவ்வளவு காலம் இருந்தாலும் அது நியாயமே. ஆற்றிக்கொள் என்று நான் கேட்கமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஏசுவதானால் ஓட்டிக்கொண்டே ஏசு. மச்சானை ஏற்றிக்கொண்டு எங்கு போகவேண்டுமோ அங்கெல்லாம் போ. போகும் வழி நெடுகிலும் ஏசிக்கொண்டு போ. நீ போய்ச் சேரும் இடமெல்லாம் பத்திரமாகச் சேர்வாய்.

உன் ஏச்சுக்குக் காத்திருக்கும்
அண்ணா,
இ. பவானந்தன்.