பிரேக்கில் கால் வைத்துக் கேட்ட கேள்வி

ஜூன் 3

என்னிடம் கார் ஓட்டப் பழகும் பல் டாக்டர் இன்றைக்கும் சிக்னலில் வண்டியை அணைத்துவிட்டார். பின்னால் ஒரே ஹாரன். டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்குப் பொறுமைதான் முதல் தகுதி என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவன், வீட்டுக்கு வந்து அதைக் கோட்டைவிட்டேன்.

சாப்பிடும்போது மகள், "அப்பா, நான் புவியியல் படிக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

"பூகோளமா? எதுக்கு, வழி கண்டுபிடிக்கவா? எந்தச் சந்து எங்க முட்டும்னு நானே சொல்றேனே!"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கு மட்டும்தான். மகள் எழுந்து போய்விட்டாள். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போடுவதற்கு முன்னால் பார்ப்பாளே, அந்தப் பார்வை பார்த்தாள்.

ஜூன் 4

மகள் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் வருகிறது.

ஜூன் 6

இருபதாம் தேதிக்குள் கல்லூரியில் சேர்ந்தாக வேண்டும். நான் இன்ஜினியரிங் என்கிறேன். ஏன் என்று மனைவி கேட்டாள். "எல்லாரும் அதைத்தானே படிக்கிறாங்க?"

"பி.ஏ., பி.எஸ்ஸி., பி.இ. — இதுக்கெல்லாம் என்ன வித்தியாசம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? பி.ஏ.ன்னா கதை. பி.எஸ்ஸி.ன்னா தவளை அறுக்கிறது. பி.காம்.னா கூட்டல் கழித்தல். பி.இ.ன்னா வேலை."

மனைவி பையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். இருக்கட்டும். என் வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் படித்தவர்கள். அவர்களையே கேட்கிறேன்.

ஜூன் 9

கேட்டேன். பேங்க் அம்மா, துணிக்கடைக்காரர், பல் டாக்டர், ஒருவர் பாக்கியில்லை. "பொண்ணை இன்ஜினியரிங்ல போடலாம்னு பார்க்கிறேன், சரிதானே?" அத்தனை பேரும் ஒரே குரலில், "கண்டிப்பா சார்!"

பேங்க் அம்மா ரவுண்டானாவில் லாரிக்குப் பக்கத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டே, "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார். என்ன ஒரு தெளிவு!

ஜூன் 10

முடிவை வீட்டில் அறிவித்தேன். ஒரு வாரமாக வாய் திறக்காத மகள் திறந்தாள்.

"அப்பா, அவங்க ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு நடுங்கிட்டு இருக்காங்க. பிரேக் உங்க காலுக்கடியில இருக்கு. டெஸ்டுக்கு அனுப்புறதும் நீங்க. இல்லைன்னு எவராவது சொல்லுவாங்களா?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூன் 11

மகள் சொன்னது பொய் என்று நிரூபிக்கலாம் என்று பார்த்தேன். பல் டாக்டர் பாலத்தில் ஏறும்போது கேட்டேன்: "பல் டாக்டருக்குப் படிக்கிறதெல்லாம் சுத்த வீண், இல்லையா டாக்டர்?"

"ஆமா சார், வீண்தான் சார்."

போச்சு.

அப்படின்னா வீட்லயும் நான் இப்படித்தானா? சின்ன வயசுலேர்ந்து அவ "சரிப்பா, சரிப்பா"ன்னு தலையாட்டினதெல்லாம் — பிடிச்சுத்தான் ஆட்டினாளா, இல்ல எனக்குப் பயந்தா? அடக் கடவுளே. ஒரு தடவையாவது அவளைக் கேட்டிருக்கேனா?

ஜூன் 14

கல்லூரியில் பெற்றோருக்கு விளக்கக் கூட்டம். நானும் வரட்டுமா என்று மகளிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தலையசைத்தாள்.

ஒரு பேராசிரியை பேசினார். புவியியலில் பி.ஏ.வும் இருக்கிறதாம், பி.எஸ்ஸி.யும் இருக்கிறதாம். பி.எஸ்ஸி.யில் மண், மழை, செயற்கைக்கோள் படம், புள்ளிவிவரம். பி.ஏ.யில் மனிதர்கள்: எங்கே குடியேறினார்கள், ஏன் கிளம்பிப் போனார்கள் என்று நேரில் போய்ப் பேசி எழுத வேண்டும். இரண்டும் மூன்று வருடம். இன்னும் ஒரு வருடம் இருந்து ஆராய்ச்சி செய்தால் ஹானர்ஸ் பட்டம். தவளை எதிலும் இல்லை.

சும்மா இருந்தேனா? எழுந்து நின்று, "இதுல எது ஒசத்தி மேடம்?" என்றேன்.

"உங்க பொண்ணுக்கு என்ன செய்யப் பிடிக்கும் சார்?"

தெரியவில்லை. பதினெட்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால் அசடு வழிய நின்றேன். மகள்தான் சொன்னாள், "எனக்கு ஆளுங்ககிட்டப் பேசணும் மேடம். அவங்க கதையைக் கேட்கணும்."

ஜூன் 16

நான் இப்போது பி.எஸ்ஸி. கட்சி. செயற்கைக்கோள் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள எவ்வளவு கெத்தாக இருக்கும்! மனைவி, "அப்போ நீங்க போய்ச் சேருங்க" என்றாள்.

ஜூன் 18

மகள் பி.ஏ.யில் சேர்ந்துவிட்டாள். ஒரே ஒரு பெருமூச்சு விட்டேன், அதுவும் ஜன்னல் பக்கம் திரும்பி.

ஆகஸ்ட் 7

மகளுக்கு முதல் கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளாகவே வந்தாள்.

"அப்பா, பழைய மில்லுக்குப் பின்னாடி ஒரு தெரு இருக்கே. பாதி வீடு பூட்டிக் கிடக்கு. அங்க இருந்தவங்க எல்லாம் எங்க போனாங்க?"

ரிவர்ஸ் எடுக்கப் பழக்க அதைவிட நல்ல தெரு கிடையாது. குறுக்கே யாரும் வர மாட்டார்கள், சத்தம் போட மாட்டார்கள். இத்தனை வருடமாகத் தினமும் அங்கே போய், ஆளில்லாத தெரு என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஏன் ஆளில்லை என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்போ வாங்க, ரெண்டு பேருமா போய் விசாரிப்போம்."

நாளைக் காலையில் வகுப்பு கிடையாது என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்.